ஜூலியின் 41 கிலோ: வேலூர்க் குடும்பம் ஒன்றில் நாய் உணவும் இனத் தேர்வும் – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குரிய நாய், வேலூர் சத்துவாச்சாரியில் முதல் மாடி வீடு ஒன்றில் வளரும் ஐந்து வயதுப் பெண் லாப்ரடார். கருத்தடை அறுவை செய்யப்பட்டது. வீட்டில் ஜூலி என்று அழைக்கிறார்கள். பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில், பின்னங்காலைச் சாய்த்து வைக்கிறது, மாடிப்படி ஏறும்போது நடுவிலேயே உட்கார்ந்துவிடுகிறது என்ற குறையோடு என் மருத்துவ அறைக்கு அழைத்து வந்தார்கள். காலில் முள் தைத்திருக்கும் அல்லது எங்கேனும் அடிபட்டிருக்கும் என்பது அவர்கள் எண்ணம். தராசில் நிறுத்தியபோது 41 கிலோ காட்டியது. இந்த எலும்புக்கட்டு உள்ள ஒரு பெண் லாப்ரடார் 30 கிலோ இருந்தால் போதும்.

இந்த நிகழ்வை விரிவாகப் பதிவு செய்வதற்குக் காரணம், இந்த வீட்டில் யாரும் நாயை அலட்சியமாக வளர்க்கவில்லை என்பதுதான். தடுப்பூசி அட்டையில் ஒரு தவணைகூட விட்டுப்போகவில்லை; உண்ணிக்கான மருந்து மாதாமாதம் போடப்பட்டிருந்தது. உணவிலும் ஒவ்வொருவரும் தம் பங்கை அளவாகத்தான் போட்டுவந்தார்கள். எல்லாருடைய அளவும் சேர்ந்தால் எவ்வளவு ஆகிறது என்பதை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. நாய்க்கு எது போடலாம், எது போடக்கூடாது என்று கேட்பவர்கள் நாள்தோறும் வருகிறார்கள். ஒரு நாளில் எத்தனை கைகள் போடுகின்றன என்ற கேள்வியை நானாகக் கேட்டால்தான் உண்டு. இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கேள்விதான் விடுபடுகிறது என்பது, இதே குடும்பத்தின் காட்பாடிக் கிளையில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும்.

பரிசோதனை

நாயின் உடல் நிலையை ஒன்று முதல் ஒன்பது வரையிலான மதிப்பெண்ணால் குறிப்பது வழக்கம். நான்கும் ஐந்தும் சரியான நிலை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், விலா எலும்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாலே போதும். உள்ளங்கையைத் தரையில் வைத்துப் புறங்கை விரலெலும்புகளைத் தடவினால் எப்படித் தட்டுப்படுமோ, அப்படி விலா தட்டுப்பட வேண்டும்; மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். ஜூலிக்கு விலாவைத் தேடி அழுத்த வேண்டியிருந்தது. இடுப்பு வளைவு இல்லை. வாலடியில் கொழுப்பு திரண்டிருந்தது. எட்டு மதிப்பெண் கொடுத்தேன்.

கொழுத்த நாயைப் பார்த்தவுடன் தீனியைக் குறை என்று சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் நடுவயது லாப்ரடாரில் தைராய்டு சுரப்புக் குறைவும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது. அது இயல்பாக இருந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் இடுப்பு மூட்டின் குழி ஆழம் குறைந்தும், விளிம்புகள் தேய்ந்து முடிச்சுவிடத் தொடங்கியும் இருந்தன. இந்த மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது, லாப்ரடாரில் மிகவும் காணப்படுவது. ஆனால் பரம்பரையில் வந்த கோளாறு எப்போது வலியாக மாறும் என்பதைப் பெரும்பாலும் எடைதான் முடிவு செய்கிறது.

குட்டிப் பருவத்தைப் பற்றிக் கேட்டபோது இன்னொன்று தெரியவந்தது. பெரிய இனக் குட்டிகளுக்கென்று கடையில் விற்கும் பொதி உணவைப் போட்டுக்கொண்டே, எலும்பு பலமாக வளரட்டும் என்று ஒரு வயது வரை கால்சியம் சிரப்பும் தினமும் கொடுத்திருக்கிறார்கள். இது நம் பக்கத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நடப்பது. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தை உறிஞ்சாமல் பெருமளவு தடுத்துக்கொள்ளும். சில மாதக் குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. ஆகவே சமச்சீரான குட்டி உணவின் மேல் ஊற்றப்படும் சிரப், வேகமாக வளரும் பெரிய இனங்களில் எலும்பின் வளர்ச்சியையே கோணலாக்கக்கூடும். வெறும் சோறும் இறைச்சியும் தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் கட்டாயம் தேவை. பொதி உணவு தின்னும் குட்டிக்கு அது தேவையற்ற சுமை. ஜூலியின் மூட்டு அதனால்தான் கெட்டது என்று இப்போது சொல்லிவிட முடியாது, ஆனால் அது உதவவில்லை என்பது உறுதி.

வலிக்கு நாய்களுக்குரிய மருந்து சில வாரங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. வீட்டில் இருக்கும் இபுப்ரோஃபென் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று மகன் கேட்டார். கூடாது, மனிதர்களுக்கான அந்த மாத்திரை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

உணவுக் கணக்கு

வீட்டில் ஐந்து பேர். கணவர் இராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். மனைவி பள்ளி ஆசிரியை. மகன் கல்லூரியிலும் மகள் பிளஸ் டூவிலும் படிக்கிறார்கள். கணவரின் தாயார் பகல் முழுவதும் வீட்டில் இருக்கிறார். ஜூலியும் பகல் முழுவதும் அவர் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கீழ்வீட்டில் இரண்டு சிறுவர்கள்.

நாய்க்கு என்ன போடுகிறீர்கள் என்று ஒருவரைக் கேட்டால் ஒருவருடைய பதில்தான் கிடைக்கும். அதனால் ஒரு தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, நாய்க்கு எது போனாலும் போட்டவரே உடனே எழுத வேண்டும் என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டேன். அந்தத் தாளில் இருந்ததன் சராசரி இது. விடியற்காலை பாட்டி ஊற்றும் கொழுப்பு நீக்காத பால் 250 மில்லி, சுமார் 220 கிலோகலோரி. அந்தப் பாலோடும், பிறகு பகலில் மகள், கீழ்வீட்டுச் சிறுவர்கள், பால்காரர் எனப் பல கைகளாலும் சேர்ந்து போகும் குளுக்கோஸ் பிஸ்கட் 60 கிராம், 270. மதியம் தயிர்ச்சோறு, 450. மாலையில் கணவர் அளந்து போடும் பொதி உணவு 200 கிராம், 720. இரவு மிஞ்சும் இரண்டு சப்பாத்தி, நெய் தடவியது, 240. ஆக மொத்தம் 1,900 கிலோகலோரி. ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணி இதில் சேராது.

ஒரு நாய் ஓய்வாக இருக்கும்போது ஆகும் ஆற்றலைக் கணக்கிட, அதன் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்குகிறோம். 30 கிலோ நாய்க்கு அது ஏறத்தாழ 900 கிலோகலோரி. கருத்தடை செய்த, நடமாட்டமுள்ள நாய்க்கு அதைப்போல் 1.6 மடங்கு வரை கொடுக்கலாம் என்பது பாட நூல் கணக்கு. கட்டிலுக்கு அடியில் பகலைக் கழிக்கும் நாய்க்கு அதுவும் மிகை. ஜூலி 30 கிலோவுக்குரிய உடம்பை வைத்துக்கொண்டு, அதன் ஓய்வுத் தேவையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தின்றுகொண்டிருந்தது.

கணவர் தாளைப் பார்த்துவிட்டு, "பொதியில போட்டிருக்கறதவிட நான் கம்மியாதான் சார் போடறேன்" என்றார். அது முழு உண்மை. பொதியின் பின்புறத்தில் இருக்கும் அளவு, அந்த நாய் வேறு எதையும் தின்னவில்லை என்று வைத்துக்கொண்டு அச்சிட்டது என்பதுதான் அங்கே பெரிய எழுத்தில் இருப்பதில்லை. மனைவி, தயிர்ச்சோறு வயிற்றுக்குக் குளிர்ச்சி என்றார். சோற்றில் தவறு இல்லை. நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கப் பழகிய விலங்கு. ஆனால் வெந்த சோறு 100 கிராமில் புரதம் 3 கிராமுக்கும் குறைவு. தயிர்ச்சோறு வயிற்றை நிரப்பும், சதையைக் காக்காது.

பாட்டியிடம் பிஸ்கட்டைப் பற்றிப் பேசினேன். "அது நம்ம வாயையே பாத்துன்னு கீது. அதுக்கு ஒரு வாய் போடாம எனக்கு எப்பிடி சார் உள்ள எறங்கும்?" என்றார். நாயின் அந்தப் பார்வைக்கு வேறொரு விளக்கமும் உண்டு. பசியையும் நிறைவையும் மூளைக்குச் சொல்லும் ஒரு மரபணுவில் ஒரு துண்டு இல்லாமல் போயிருப்பது லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இருப்பதாக, 2016-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு கண்டது. அந்த நாய்களுக்கு ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் பசி அதிகமாக இருக்கும். ஜூலிக்கு அந்தச் சோதனை செய்யப்படவில்லை. எனினும் இந்த இனம் கேட்பதை வைத்துப் பசியை அளக்க முடியாது என்பது வீட்டாருக்குப் புரிய இந்தத் தகவல் உதவியது. ஏங்கிப் பார்க்கும் இனமும், ஏங்கிப் பார்ப்பதைப் பொறுக்காத வீடும் சேர்ந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை கதை தனி. ஆம்பூர் முறைச் சீரகச் சம்பா பிரியாணி வீட்டுக்கு வரும். தட்டில் ஒதுங்கிய கொழுப்பும் தோலும் எலும்பும் நாய்க்குப் போகும். வெந்த எலும்பு கூர்கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கலாம். ஒரே வேளையில் இறங்கும் கொழுப்பு கணையத்தை வீங்கவைக்கலாம், கொழுத்த நாய்க்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைப்பதால் அந்தக் கேடு நீங்காது. இதில் அளவைச் சொல்லாமல் பயமுறுத்துவதும் சரியல்ல: உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் முதல் வெங்காயம் போனால் நாயின் இரத்தத்தில் மாற்றம் தெரியும் என்பதால், தட்டில் ஒட்டிய வதங்கிய வெங்காயம் ஜூலியைக் கொல்லாது, ஆனால் 4 கிலோ பொமேரியனுக்கு அதே தட்டு வேறு கணக்கு. கேசரியிலும் பாயசத்திலும் இருக்கும் உலர்திராட்சைக்கு இந்தச் சலுகை கிடையாது. சில நாய்களுக்குச் சிறிதளவே சிறுநீரகத்தை நிறுத்திவிடுகிறது. எந்த நாய்க்கு என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

மாற்றிய உணவு

எடை குறைப்புக்கு, வர வேண்டிய எடையின் ஓய்வுத் தேவையான 900 கிலோகலோரியையே நாள் அளவாக வைத்தோம். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் முதல் இரண்டு சதவீதம் வரை இறங்கினால் போதும். அதற்கு மேல் போனால் கொழுப்போடு சதையும் கரையும்.

முழுக்கப் பொதி உணவுக்கு மாறச் சொல்லியிருந்தால் கணக்கு எளிதாக இருந்திருக்கும், ஆனால் அந்த வீட்டில் அது ஒரு வாரம்கூட நிலைத்திருக்காது. சமைத்துப் போடுவது அவர்களுக்கு வளர்ப்பின் ஒரு பகுதி. எனவே பொதி உணவு 120 கிராம், தோல் நீக்கி உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி 120 கிராம், வெந்த சோறு 100 கிராம், சுரைக்காய், பீன்ஸ், மஞ்சள் பூசணி, கேரட் ஆகியவற்றில் கிடைப்பது 200 கிராம் என்று வகுத்தோம். இது 810 கிலோகலோரி. மீதி 90 கிலோகலோரி, வீட்டார் கையால் கொடுக்கும் தீனிக்கு ஒதுக்கப்பட்டது. எல்லாம் சமையலறைத் தராசில் நிறுத்துப் போட வேண்டும், கரண்டிக் கணக்கு கூடாது என்பது நிபந்தனை. கோழியிலும் சோற்றிலும் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் மிகக் குறைவு. அந்த வீட்டுச் சமையல் பங்குக்கு ஈடாகக் கழுவிக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓடு கால் தேக்கரண்டி சேர்க்கப்பட்டது. ஒரு முழு ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருப்பதால் அதற்கு மேல் வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமையும் கிருத்திகையும் அந்த வீட்டில் கவிச்சி சமைப்பதில்லை. அந்த நாட்களில்தான் தயிர்ச்சோறு இரண்டு வேளையாகிக்கொண்டிருந்தது. அந்த நாட்களுக்கு மட்டும் பொதி உணவை ஏறத்தாழ 220 கிராமாக உயர்த்திக் காய்கறியோடு போடச் சொன்னேன். பொதி உணவிலும் கோழிதான் இருக்கிறது என்பதைப் பாட்டியிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு வகை பிஸ்கட்.

வேகமாக விழுங்கும் பழக்கத்துக்கு, பொதி உணவைக் கிண்ணத்தில் கொட்டாமல் பழைய கோரைப்பாய் ஒன்றில் விசிறிவிடச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் காலியான வேளை, மோப்பம் பிடித்துப் பொறுக்கித் தின்பதில் கால்மணி நேரம் நீண்டது.

தூக்குச் சட்டி

முதல் மாத முடிவில் எடை 40.6 கிலோ. நானூறு கிராம்தான் இறங்கியிருந்தது. இந்த உணவுக்கு அதைப்போல் நான்கு மடங்காவது இறங்கியிருக்க வேண்டும். தாளில் எழுதியிருந்தது எல்லாம் சரியாக இருந்தது என்றால், தாளில் எழுதாமல் ஏதோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வீட்டுக்கு நேரில் சென்றபோது அது தெரிந்தது. பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்து மாடத்தில் எவர்சில்வர் டப்பா ஒன்று இருந்தது. அவர் மாத்திரை போட்டுக்கொள்ள அதைத் திறந்தார். மூடி நெம்பும் சத்தம் கேட்டதும், கூடத்தின் மறுமூலையில் தூங்கிக்கொண்டிருந்த ஜூலி, இடுப்பு வலிக்கும் நாய் என்று நம்ப முடியாத வேகத்தில் எழுந்து வந்து கட்டில் சட்டத்தில் தாடையை வைத்தது. பாட்டி என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், ஒரு பிஸ்கட்டைப் பாதியாக உடைத்தார். பாதி கொடுத்தால் அது கணக்கில் வராது என்பது அவர் கணிப்பு.

இத்தகைய இடத்தில் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது, அந்த முதியவரை நாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று தடுத்துவிடுங்கள் என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பகல் முழுவதும் அந்த நாயின் துணையாக இருப்பவர் அவர் ஒருவரே. அவர் கையிலிருந்து தீனியைப் பிடுங்கினால் ஒளிந்து கொடுப்பது தொடங்கும், ஒளிந்து கொடுப்பதை எந்தத் தராசும் பிடிக்காது. எனவே ஒதுக்கி வைத்த 90 கிலோகலோரியையும் அவர் பொறுப்பிலேயே விட்டோம். காலையில் மருமகள் ஒரு சிறிய தூக்குச் சட்டியில் வெள்ளரிப்பிஞ்சுத் துண்டுகள், கேரட் துண்டுகள், வேகவைத்த முட்டை அரைத்துண்டு, இரண்டே இரண்டு பிஸ்கட் ஆகியவற்றைப் போட்டுவைப்பார். வீட்டில் யார் நாய்க்குக் கொடுக்க விரும்பினாலும் பாட்டியிடம் கேட்டு அந்தத் தூக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். கீழ்வீட்டுச் சிறுவர்களுக்கும் அதே சட்டம். தூக்கு காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. பிஸ்கட் டப்பா சமையலறையின் மேல்தட்டுக்குப் போனது.

பாட்டி இதை எதிர்பாராத கண்டிப்போடு நடத்தினார். பேரன் இரண்டு முறை கேட்டால் இரண்டாம் முறை மறுத்தார். காலைப் பால் நின்று, அந்த இடத்தில் இரண்டு கரண்டி மோர் கலந்த தண்ணீர் வந்தது. ஏப்ரல் இறுதியில் ஜூலி 36.5 கிலோ.

உணவு மட்டும் போதாது என்பதால் நடையும் சேர்ந்தது. லாப்ரடாருக்கு இரட்டை அடுக்கு மயிர். குளிர்ந்த நீரில் இறங்க உதவிய அந்த மயிர் வேலூரின் வெயிலில் சுமை. நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டும் சிறிதளவு உண்டு, மற்றபடி இரைத்துத்தான் உடம்பைத் தணித்துக்கொள்ள வேண்டும். கொழுத்த நாய்க்கு அதுவும் கடினம். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. கத்திரி வெயிலில் 40 டிகிரிக்கு மேல் காயும் ஊரில், சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் இரவிலும் சூட்டைக் கக்கும் இடத்தில், மாலை ஐந்து மணிக்குத் தார்ச்சாலையில் நாயை இழுத்துப் போவது நடைப்பயிற்சி ஆகாது. விடியற்காலை ஆறு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்றும், புறங்கையை ஐந்து விநாடி சாலையில் வைக்க முடியாவிட்டால் நாயையும் இறக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

காட்பாடியிலிருந்து வந்த கேள்வி

ஜூலியின் எடை இறங்கத் தொடங்கிய காலத்தில், கணவரின் தம்பி ஒரு கேள்வியோடு வந்தார். காட்பாடியில் வாடகை மாடி வீடு. அவரும் மனைவியும் காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவார்கள். ஏழு வயது மகன். அந்தப் பையனுக்காகச் சைபீரியன் ஹஸ்கிக் குட்டி ஒன்றுக்குச் சென்னையில் முன்பணம் கொடுக்க இருந்தார். "ஏசி போட்டுடலாம் சார், அது ஒரு பிரச்சினையே இல்ல" என்றார்.

ஏசி ஓடும் அறையில் பத்து மணி நேரம் தனியாக அடைபடும் ஹஸ்கி என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் பேசினோம். பனியில் சறுக்குவண்டியை நெடுந்தூரம் இழுப்பதற்காகச் சைபீரியாவின் சுக்சி மக்கள் உருவாக்கிய இனம் அது. ஓடுவது அதற்கு உணவைப் போன்ற தேவை. ஓட இடமில்லாவிட்டால் கதவையும் மெத்தையையும் கடித்து ஊளையிடும். ஏசியை விட்டு வெளியே வந்து நடக்க வேலூரில் ஆண்டில் எத்தனை மாதம் கிடைக்கும் என்பது அதற்கு அடுத்தது. பகலில் மின்சாரம் போனால் கவனிக்க வீட்டில் ஆள் இல்லை என்பது அதற்கும் அடுத்தது. விலையைப் பற்றி நான் பேசவே இல்லை. குட்டியின் விலை, அந்த நாய் வாழும் ஆண்டுகளின் உணவுக்கும் மருத்துவத்துக்கும் முன்னால் பெரிதல்ல.

ஹஸ்கி கைவிடப்பட்டதும் பேச்சு எதிர்த்திசையில் பாய்ந்தது: அப்படியானால் நம் மண்ணின் இனம், இராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வாங்கலாம் என்றார். நாட்டு இனங்களின் மேல் அண்மைக் காலத்தில் வந்துள்ள பெருமிதம் நல்லது. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் இராஜபாளையமும் இடம்பெற்றது. ஆனால் மண் ஒன்றாக இருப்பதால் மட்டும் வீடு பொருந்திவிடாது. இராஜபாளையம் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட உயரமான நாய். வீட்டாரைத் தவிர மற்றவரை எளிதில் ஏற்காது. டியூஷனுக்குப் பத்துப் பிள்ளைகள் வந்துபோகும் மாடிப்படியில் அதை வைப்பது இருதரப்புக்கும் தண்டனை. முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை வருவதுண்டு என்பதால் குட்டியின் காதைச் சோதிக்காமல் வாங்கவும் கூடாது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்திப் பிடிக்கும் ஓட்ட நாய்கள். வெயிலைத் தாங்கும், ஆனால் சுற்றுவேலி போட்ட நிலம் வேண்டும். குடியாத்தம் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தால் சிப்பிப்பாறையைத் தயங்காமல் சொல்லியிருப்பேன்.

இந்த ஓட்ட நாய்களைப் பற்றி உணவு சார்ந்த ஒரு குறிப்பு அவசியம். நல்ல உடல்நிலையில் உள்ள சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியும், அடிவயிறு உள்ளே ஏறியிருக்கும். லாப்ரடாரைப் பார்த்துப் பழகிய அக்கம்பக்கத்தார் அதைப் பட்டினி என்று நினைத்துச் சோறும் நெய்யும் போட்டு உருட்டிவிடுகிறார்கள். பக் நாய்க்கு நேர்வது இதற்கு மாறு: உருண்டையாக இருப்பதுதான் அதன் அழகு என்று நினைத்து, தட்டை மூக்கால் ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் நாயைக் கொழுக்க வைக்கிறார்கள், சித்திரை, வைகாசியில் மருத்துவ அறைக்கு இரைத்துக்கொண்டே வருவதில் அதற்குத்தான் முதலிடம்.

தம்பி வீட்டாரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: மதியம் ஒருமுறை கதவைத் திறந்து நாயை வெளியே விட யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லையென்றால் மூன்று மாதக் குட்டி எந்த இனமானாலும் வேண்டாம். குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவு, ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் வெளியே போக வேண்டும். அவர்கள் சில வாரங்கள் யோசித்து, வீட்டு உரிமையாளரின் மனைவி மதியம் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட பிறகு, தெருவில் பிறந்து ஒரு காப்பகத்தில் வளர்ந்த நாட்டுப் பெண் நாய் ஒன்றை எடுத்துவந்தார்கள். இரண்டு வயது, 16 கிலோ, குட்டை மயிர், கருத்தடையும் தடுப்பூசியும் ஆனது. வளர்ந்த நாய் என்பதால் எவ்வளவு பெரிதாகும், குழந்தைகளோடு எப்படி என்பதெல்லாம் முன்பே தெரிந்துவிட்டது. காப்பகத்தில் போட்டி போட்டுத் தின்ற பழக்கம் மட்டும் தொடர்ந்தது. கிண்ணத்தின் அருகே கை போனால் உறுமும். அது தின்னும்போது பையன் அருகே போகக் கூடாது என்ற கட்டுப்பாடும், தனி அறையில் உணவும் தேவைப்பட்டன. பழைய சோற்று உணவிலிருந்து புதியதற்குப் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றினார்கள். ஒரே நாளில் மாற்றியிருந்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

அந்த நாய்க்கு நாளொன்றுக்குத் தேவை எவ்வளவு என்று கணக்கிட்டேன். 16 கிலோவுக்கு ஓய்வுத் தேவை 560. சுறுசுறுப்பானது என்பதால் 1.6 மடங்கு, ஏறத்தாழ 900 கிலோகலோரி. எடை குறைய வேண்டிய ஜூலிக்கும், எடை நிலைக்க வேண்டிய இந்த நாய்க்கும் ஒரே எண் வந்தது. இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்த பாட்டி, "இவ்ளோ பெரிசுக்கும் அவ்ளோ சின்னதுக்கும் ஒண்ணா?" என்று கேட்டார். அவருக்கு விளக்கியதையே அண்ணனும் தம்பியும் அதன் பிறகு தங்கள் வீட்டுத் தாளில் எழுதிவைத்துக்கொண்டார்கள்: உருவத்தைப் பார்த்துப் போடாதே, செலவைப் பார்த்துப் போடு.

வைகாசிக்குப் பின்

மே நடுவில், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சொந்த ஊருக்குப் போனபோது ஜூலியையும் கூட்டிப்போனார்கள். உறவினர் வீட்டில் தூக்குச் சட்டியின் ஆட்சி செல்லவில்லை. பத்து நாளில் எடை 37.2 ஆனது. இதில் ஒரு பகுதி தண்ணீரும் குடலில் நின்றதுமாகவே இருக்கும்; என்றாலும், படியேறுவதில் மீண்டும் தயக்கம் தெரிந்ததாக மனைவி கூறினார். வருகிற ஆண்டு விழாவுக்கு நாயைத் தம்பி வீட்டில் விட்டுப்போவதென்று முடிவாயிற்று.

அதன் பிறகு எடை மெதுவாகவே இறங்கியது. குறைந்த உணவுக்கு உடம்பு பழகிச் செலவைச் சுருக்கிக்கொள்வதால் இது எதிர்பார்க்கக்கூடியது. உணவை மேலும் வெட்டாமல் விடியற்காலை நடையைப் பத்து நிமிடம் கூட்டினோம். செப்டம்பர் இறுதியில் 32.6 கிலோ, மார்கழியில் 31. வலி மருந்து நடுவிலேயே நிறுத்தப்பட்டது. எக்ஸ்ரே பழையபடிதான் இருக்கிறது, தேய்ந்த மூட்டு திரும்பி வளராது. ஆனால் மாடிப்படியை இடையில் நில்லாமல் ஏறுகிறது, விலா விரலுக்குத் தட்டுப்படுகிறது.

அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2002-இல் வெளிவந்தது. கூடப்பிறந்ததைவிடக் கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு அதிகம் வாழ்ந்தன. மூட்டுத் தேய்வுக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான். ஜூலி அந்தப் பலனில் முதல் ஐந்து ஆண்டை இழந்துவிட்டது. இனி வரும் ஆண்டுகளுக்கு, 30 கிலோவை எட்டியதும் நாள் அளவை 1,100 முதல் 1,200 கிலோகலோரிக்குள் உயர்த்தி, மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து அரைக்கிலோவுக்கு மேல் ஏறினால் குறைப்பதென்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடுதலாகக் கிடைக்கும் அந்த 200-க்கு மேற்பட்ட கிலோகலோரியைக் கோழியாகப் போடுவதா, பிஸ்கட்டாகத் தூக்கில் சேர்ப்பதா என்பதில் மருமகளுக்கும் மாமியாருக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.